வண்டி வீட்டில் சீர் ஏற்றும் முன்

எய்யா,

கோயம்புத்தூர் பட்டறையிலிருந்து நீ அனுப்பிய, ஜீப்பின் பின்னால் மாட்டி இழுக்கிற வண்டி வீட்டுப் படங்கள் இரண்டையும் பார்த்தேன். ஒன்று பத்தடி நீளம், ஒற்றை அச்சு, வெள்ளை ஃபைபர் உடம்பு. இன்னொன்று பதினாலு அடி, உள்ளே சோபா, ஆளுயரக் கண்ணாடி. கீழே “எதும்மா எடுக்க?” என்று கேட்டிருந்தாய். நான் இரண்டு படத்துக்கும் கட்டைவிரலை உயர்த்தும் பொம்மையை அனுப்பிவைத்தேன். நீ சிரிக்கிற பொம்மையை அனுப்பினாய். அன்றிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நீ கேட்டதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. உன் சொந்தக்காரர்களில் அப்படியொரு வண்டிக்குள் மூன்று வருஷம் குடும்பம் நடத்தியவள் நான் ஒருத்திதான். ஆனால் வாயால் சொல்லப் போனால் நான் வேறு எதையாவது சொல்லிவிட்டு வந்துவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று பெயர்தான். பட்டமளிப்பு விழாவில்கூட என் பெயரைக் கூப்பிட்டபோது பக்கத்தில் இருந்தவள் தள்ளிவிட்டுத்தான் எழுந்தேன். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். ஒரே மூச்சில் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, முழுதும் படித்துவிடு.

சின்னதையே எடு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். துறைமுக ஊரில் டிரெய்லர் என்றால் கன்டெய்னர் ஏற்றிப் போகிற நாற்பதடி வண்டிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பதினாலு அடி ஒன்றுமே இல்லை. ஆனால் உன்னுடைய வேலை நெடுஞ்சாலையில் இல்லை. சூரியத் தகடு நடுகிற இடமெல்லாம் உடைமரக் காட்டுக்குள், ஓடைக்கரையில், இரண்டு பக்கமும் பனை நெருக்குகிற பாதையில்தான் கிடக்கும். அங்கே பின்னால் எடுத்துத் திருப்ப முடியாத வண்டி உனக்கு வீடு இல்லை, கால்விலங்கு. இன்னொன்றும் உண்டு. இடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் நிறைத்துவிடுவோம். நம் கை சும்மா இருக்காது.

வாங்கப் போகும்போது உள்ளே ஏறி சோபாவில் உட்காராதே. முதலில் கீழே குனிந்து பார். நம் காற்றில் உப்பு இருக்கிறது, இரும்பை அது மேலே தின்னாது, அடியில்தான் தின்னும். ஒரு ஸ்பேனரால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போ. நல்ல இரும்பு கணீரென்று பேசும், செத்த இரும்பு பொத்தென்று பேசும். உள்ளே போனதும் குதிகாலால் தரையை அழுத்திப் பார், முக்கியமாகக் கதவோரத்திலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலும். மெத்தென்று அமுங்கினால் பலகை ஊறியிருக்கிறது. கதவு இடதுபக்கம் இருக்கிறதா பார். வலதுபக்கம் இருந்தால், கல்யாணமாகி உன்கூட வரப்போகிற செல்வி படியிறங்கும்போது நேரே ரோட்டில் இறங்குவாள். எதிரெதிராக இரண்டு ஜன்னல் வேண்டும், கூரையில் ஒரு திறப்பு வேண்டும். கேஸ் சிலிண்டருக்கு வெளியே தனிக் கூடு வேண்டும். டயரில் பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று ஏமாறாதே. ஓடி ஓடித் தேய்கிற டயர் இல்லை இது, வெயிலில் நின்று நின்று வெடிக்கிற டயர். பக்கவாட்டில் விரிசல் தெரிந்தால் மாற்றச் சொல். கட்டில் நீளவாக்கில் இருக்கட்டும். எங்கள் வண்டியில் குறுக்குவாக்கில் இருந்தது. சுவரோரம் படுப்பவர் எழ வேண்டுமானால் மற்றவர்மேல் ஏறித்தான் இறங்க வேண்டும். நீ வயிற்றில் இருந்தபோது உன் அப்பா மேல் எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று அவரைக் கேட்டால் இப்போதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் பதில் சொல்வார்.

அப்பா அப்போது காற்றாலை நிறுத்துகிற கம்பெனியில் எலக்ட்ரீசியன். இரண்டு மாதம் ஓரிடம், மூன்று மாதம் ஓரிடம். வாடகைக்கு வீடு தேடி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். துறைமுக வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் விட்டுப்போன ஒரு பழைய வண்டி வீடு காயலான் கடையில் கிடந்ததைப் பார்த்து, அதை எடுத்து, வெல்டு வைத்து, ஓடவைத்தது அவர்தான். கல்யாணத்துக்கு முந்தியே வீட்டைத் தயார் பண்ணிய மாப்பிள்ளை என்று எங்கள் ஆறுமுகநேரியில் அவருக்கு நல்ல பெயர். நான் உள்ளே போய்ப் பார்த்தபோது எனக்குப் பிடித்துப் போயிற்று. கையை நீட்டினால் எல்லாம் எட்டும். பேச வேண்டிய ஆட்களே குறைவு.

வாழ்ந்து பார்த்த பிறகுதான் மற்றது தெரிந்தது. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை உள்ளே இருக்க முடியாது. நிழல் தேடிப் பனைக்குக் கீழே நிறுத்தாதே, காய்ந்த மட்டை விழுந்தால் கூரை ஓட்டையாகும். வேம்பு கிடைத்தால் பாக்கியம். உப்பு பூத்து வெள்ளையாகப் பொரிந்து கிடக்கிற தரையில் நிறுத்தாதே, மேலே காய்ந்திருக்கும், அடியில் சேறு. தாங்குகால்களுக்குக் கீழே எப்போதும் பலகை போடு. மட்டம் பார்க்க ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிச் சமையல் மேடையில் வை. மட்டமில்லாமல் நின்றால் தலை கீழாகவும் கால் மேலாகவும் தூங்கி எழுந்து, காரணம் தெரியாமல் ஒருத்தர்மேல் ஒருத்தர் எரிந்து விழுவீர்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வண்டியின் மூக்கை மேற்கே பார்த்து நிறுத்து. விலாவைக் காட்டினால் நாள் முழுக்க ஆட்டும். சண்டை வந்தால் எழுந்துபோகப் பக்கத்து அறை கிடையாது. யாராவது ஒருத்தர் வெளியே போய் நிற்க வேண்டும். எங்களில் அது எப்போதும் அப்பாதான். வெயிலில் நின்று டயரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாவமாக இருக்கும், நானே கூப்பிட்டுவிடுவேன்.

கீழவைப்பாரில் நின்றிருந்தபோது, வண்டிக்கு முன்னால் ஒருநாள் காலையில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். முதல் ஆளாக நின்ற பெரியவர், “தாயி, கண்ணு பாக்க வந்திருக்கோம், டாக்டர எழுப்பு” என்றார். கண் முகாம் வண்டி என்று நினைத்துவிட்டார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அப்பா வெளியே போய், “இது வீடு அண்ணாச்சி, நான் எலக்ட்ரீசியன்” என்றார். “அப்பம் கண்ணு பாக்க மாட்டியளா?” “கரண்டுதான் பாப்பேன்.” வரிசையில் நின்ற ஒரு மீன்காரம்மா உள்ளே எட்டிப் பார்த்து, “ஏளா, இதுக்குள்ள ரெண்டுபேரு எப்பிடிளா கெடக்கிய? ஒருத்தி மூச்ச விட்டா மத்தவன் இழுக்கணும் போலயே!” என்றாள். அன்றைக்கு அவள் எனக்கு இரண்டு சூடை மீன் சும்மா கொடுத்துவிட்டுப் போனாள். இதெல்லாம் நடந்தது உண்மை. நாங்கள் சந்தோஷமாகவும் இருந்தோம். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகிவிடும்.

ஆனால் உனக்கு இரண்டு வயதானபோது, இனி வரமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு இந்தத் துறைமுக ஊரில் வாடகை வீடு எடுத்துத் தங்கிவிட்டேன். குழந்தைக்கு வெயில் சேரவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். கல்லூரியில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது, அதையும் காரணமாகச் சொன்னேன். அப்பா தனியாகவே எல்லா இடத்துக்கும் போனார். ஞாயிற்றுக்கிழமை வருவார். ஒன்றாம் வகுப்பில் உன்னை அப்பாவைப் படம் வரையச் சொன்னார்கள். நீ ஒரு பையை வரைந்து, அதற்கு மேலே மீசை வைத்தாய். டீச்சர் அதை எனக்குக் காட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். போன மாதம் நீ சொன்னாயே, “நான் அப்பா மாதிரி ஞாயித்துக்கெழம ஆளா இருக்க மாட்டேம்மா. செல்வி என்கூடத்தான் இருப்பா. அதான் வண்டி”. அப்போது நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன், நினைவிருக்கிறதா? துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவை ஞாயிற்றுக்கிழமை ஆளாக்கியது வேலை இல்லை, நான்தான். வெயிலும் காரணமில்லை. அந்த வண்டி உருள ஆரம்பித்தாலே ஜீப்பில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பின்னாலேயே பார்ப்பேன். ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

உன் மாமா, என் அண்ணன், கால் விந்தி நடப்பது உப்பு லாரி இடித்ததால் என்றுதானே உனக்குச் சொல்லியிருக்கிறோம். லாரி இடிக்கவில்லை.

எங்கள் கல்யாணம் முடிந்து, நான் வேம்பாருக்குப் பக்கத்தில் அப்பா வேலை செய்த இடத்துக்குப் புறப்பட்ட நாள். சீர் ஏற்றுகிறார்கள். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாமல் இருக்கலாம், இந்தக் காலத்தில் எல்லாம் லாரியில் தனியாகப் போய்விடுகிறது. பெண்ணுடைய சீரைப் பெண்வீட்டார்தான் ஏற்ற வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அதில் கை வைக்கக் கூடாது. வைத்தால் என்ன வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறார்கள் என்று அர்த்தமாகிவிடும். ஏற்றி முடித்ததும் கதவில் பூச்சரம் கட்டிவிடுவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் பெண்தான் அதை அவிழ்த்து, பால் காய்ச்ச வேண்டும். வழியில் யாரும் திறக்கக் கூடாது. என் அப்பா உப்பளத்தில் வாரிக் குவிக்கிற வேலை செய்தவர். உப்பில் வெந்த அந்தக் கால்களோடு அவர் எனக்கு வாங்கியது ஒரு இரும்பு பீரோ. அவர் வாழ்க்கையில் வாங்கிய மிகப் பெரிய பொருள் அதுதான். எங்கள் வண்டிக்குக் கதவு பின்பக்கத்தில். பீரோவை உள்ளே தூக்கினார்கள். கட்டிலைத் தாண்டி அது திரும்பவில்லை. கதவோரமே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பக்கத்தில் கிரைண்டர், பித்தளைக் குடங்கள், அரிசி மூட்டை. முன்பக்கம் பாயும் தலையணையும்.

எல்லாம் ஏற்றியபின் வண்டியை ஜீப்பில் மாட்ட வேண்டும். அப்பா வண்டியின் மூக்கை, ஜீப்பில் மாட்டுகிற முன்முனையை, கையில் பிடித்துத் தூக்கினார். ஒற்றைக் கையில் வந்துவிட்டது. வழக்கமாக இரண்டு பேர் முக்கித் தூக்குவது. “பாத்தியளா, இவ்வளவு சீர ஏத்தியும் எம்புட்டு லேசா இருக்குன்னு!” என்று எல்லோருக்கும் காட்டினார். பெண்கள் குலவையிட்டார்கள். என் அண்ணன், “மாப்ள வண்டின்னா சும்மாவா!” என்றான். நான் பட்டுச்சேலையில் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தேன். இயற்பியலில் பட்டம் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மீட்டர் ஸ்கேலைக் கத்திமுனையில் நிறுத்தி, ஒரு பக்கம் எடை தொங்கவிட்டால் மறுபக்கம் தூக்கும். அதைப் பரீட்சையில் செய்து காட்டி வந்தவள். மூக்கு லேசாக இருக்கிறது என்றால் எடை அச்சுக்குப் பின்னால் போய்விட்டது, வண்டி ஜீப்பைத் தூக்கப் பார்க்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தது என்றால், சந்தேகமாக இல்லை, பளிச்சென்று தெரிந்தது. சொன்னால் என் அப்பாவின் பீரோவை இறக்க வேண்டும். ஊரே பார்க்க, இடமில்லை என்று அதைத் தெருவில் வைக்க வேண்டும். கல்யாணப் பெண் வாயைத் திறந்து, என் புருஷன் சொல்வது தப்பு என்று சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. பீரோ ஆடாமல் பிடித்துக்கொள்கிறேன் என்று அண்ணன் உள்ளே ஏறிக்கொண்டான். கதவைச் சாத்திப் பூச்சரம் கட்டினார்கள்.

தருவைகுளம் தாண்டி இரண்டு பக்கமும் உப்பளம். ஒரு உப்பு லாரி எங்களை முந்திப் போனது. அது எங்களைத் தொடவில்லை. அது தள்ளிய காற்றுதான் பட்டது. வண்டி வாலை ஆட்ட ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, அப்புறம் ஜீப்பையும் சேர்த்து இழுத்து. அப்பா பயந்து பிரேக்கை மிதித்தார். அப்போது மிதிக்கவே கூடாது, எய்யா. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுக்க வேண்டும். அவருக்கும் தெரியாது, எனக்கும் அது தெரியாது. வண்டி சுழன்று பாத்தி வரப்பில் சாய்ந்தது. பூச்சரத்தை நான்தான் அறுத்தேன். பீரோ அண்ணனின் வலது கால்மேல் கிடந்தது. கண்ணாடி உடையவில்லை, அதில் என் முகம் தெரிந்தது.

ஓடி வந்தவர்களில் யாரோ, “லாரிக்காரன் இடிச்சிட்டுப் போயிட்டானா?” என்று கேட்டார்கள். யாரோ ஆமாம் என்றார்கள். அது அப்படியே நின்றுவிட்டது. அப்பாவும் அதைத்தான் நம்புகிறார். அண்ணனால் அதற்குப் பிறகு உப்பளத்தில் இறங்க முடியவில்லை. எடைமேடையில் சீட்டு எழுதுகிற வேலைக்குப் போனான். அங்கே வருகிற ஒவ்வொரு லாரிக்காரனையும் இத்தனை வருஷமாக ஏசிக்கொண்டிருக்கிறான். நான் வருஷா வருஷம் மாணவிகளுக்கு மீட்டர் ஸ்கேலும் கத்திமுனையும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உனக்கு மாமனாராக வரப்போகிறவர், செல்வியின் அப்பா. ஆறுமுகநேரியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், ஒரே மகள். அந்தச் சீர் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். லாரியில் தனியாக அனுப்பலாமே என்று நீ சொன்னதற்கு அவர் சிரித்தார் என்றாய். “அதெல்லாம் பாத்துக்கிடலாம்மா” என்றும் சொன்னாய். நீ எப்படிப் பார்த்துக்கொள்வாய்? சீர் ஏற்றுகிற நேரத்தில் நீ மாலையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருப்பாய். ஏற்றி முடித்தபின் நம் ஆட்கள் கை வைக்க முடியாது, வழியில் கதவைத் திறக்க முடியாது. பதினாலு அடி வண்டியை எடுக்கச் சொல்லி அவர் உன்னை நெருக்குவதும் இதற்காகத்தான்.

அதனால் நானே போய் அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, போன சனிக்கிழமை பஸ் ஏறினேன். உனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி இரண்டு தடவை படித்தும் பார்த்துக்கொண்டேன். கடைக்குள் நுழைந்ததுமே, “வாங்க மயினி, வாங்க! ஏலே, மயினிக்கு ஒரு சேர் போடு, பாத்தா தெரியலயா, மாப்ளைக்க அம்மா!” என்று கடையே திரும்பிப் பார்க்கக் கூப்பிட்டார். என் தாள் கைப்பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

“சீர் விஷயமா ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி” என்றேன்.

அவர் முகம் மாறியது. “கொறை எதும் இருக்கா மயினி?”

“கொறை இல்ல. கொஞ்சம் கொறச்சா நல்லாருக்கும்.”

“கொறைக்கவா! யாரு, நானா? பாத்திரக்கடக்காரன் மவள தட்டும் தம்ளருமா அனுப்பிட்டான்னு நாளைக்கு எவனாவது சொல்லுவாம்லா மயினி. வீடே மண்டப வாசலுக்கு வந்து நிக்கும்போது அதுக்குள்ள வைக்காம லாரில அனுப்பவா? அது என்ன, வீடு காலி பண்ணுத மாதிரி?”

“எடை…” என்றேன்.

“எடையா? எங்கிட்ட கனம் கொறஞ்ச பாத்திரமே கெடையாது. நீங்களே தூக்கிப் பாருங்க” என்று ஒரு எவர்சில்வர் இட்லிப் பானையை என் மடியில் வைத்தார். நான் தூக்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது. “நல்லாருக்கு” என்றேன். “நல்லாருக்குல்லா? நீங்களே வச்சுக்கிடுங்க மயினி, மொத மொதல்ல கடைக்கு வந்திருக்கிய” என்றார். வேண்டாம் என்று சொல்ல இரண்டு தடவை வாயைத் திறந்தேன். காபி வந்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் எந்த ஊரில் கல்யாணம் என்று கேட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். என் அப்பாவும் கெட்டவர் இல்லை. மகள்மேல் இருக்கிற பாசத்தை எடை போட்டுத்தான் காட்டத் தெரிகிறது, அந்த எடையைக் கொண்டுபோய்க் கதவோரத்தில் வைக்கிறார்கள்.

மறுநாள் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தான். உன் கல்யாணத்தில் சீர் ஏற்றுகிற இடத்தில் தான் நின்றுகொள்வதாகவும், வேண்டுமானால் உள்ளே ஏறிப் பிடித்துக்கொள்வதாகவும் சொன்னான். “எனக்குத்தான ளா அனுபவம் இருக்கு” என்று சிரித்தான். அதற்குமேல் என்னால் முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு, நின்றுகொண்டே சொன்னேன். லாரி இடிக்கவில்லை, பீரோ நின்ற இடம்தான், எனக்கு அன்றைக்கே தெரியும். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “அப்பம் அந்த லாரிக்காரன்மேல தப்பே இல்லயா?” என்றான்.

“இல்லண்ணே.”

“இத்தன வருசமா கண்ட லாரிக்காரன் தாயெல்லாம் இழுத்து ஏசியிருக்கனே ளா.”

அவ்வளவுதான் சொன்னான். அவன் திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன். தட்டை எடுத்துப் போய் அவனே கழுவி வைத்துவிட்டு, விந்தி விந்திப் படியிறங்கிப் போனான். மூன்று நாளாகப் போன் எடுக்கவில்லை. நான்காம் நாள் அவனே கூப்பிட்டு, எடுத்தவுடன், “மருமவன்ட்ட சொல்லிட்டியா?” என்றான். இல்லை என்றேன். “எங்கிட்ட சொன்ன மாதிரி சோத்த வச்சிக்கிட்டுச் சொல்லாத. வெறும் வயித்துல சொல்லு” என்று வைத்துவிட்டான். அவன் மன்னித்துவிட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அவர் வழியாகத்தான் உனக்கு அனுப்புகிறேன், ஒட்டாமல். படித்தால் படிக்கட்டும்.

வண்டியில் போகாதே என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நீ போக வேண்டும். செல்வி உன்கூட இருக்க வேண்டும். ஒருத்தர் வாசனை ஒருத்தர்மேல் ஒட்டிக்கொள்கிற அந்த வாழ்க்கையை நான் பாதியில் விட்டதற்கு நான்தான் பொறுப்பு. ஆனால் போ என்று சொல்லும்போதே அந்த உப்பளம் கண்ணுக்குள் வருகிறது. போகாதே என்று சொல்ல நினைத்தால் மீசை வைத்த பை வருகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: கனமான சாமான் அச்சுக்கு நேர்மேலே அல்லது அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், தரையோடு தரையாக, கயிற்றால் கட்டி. பின்பக்கம் தலையணையும் துணியும் மட்டும். உள்ளே ஆள் ஏறக் கூடாது, யாராக இருந்தாலும். மூக்கை ஒரு கையால் தூக்க முடிந்தால் வண்டியை எடுக்காதே.

இதைச் சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான் இருக்கிறாள். நீ சீரைத் தொட முடியாது, நான் தொட முடியாது, அண்ணனும் மாப்பிள்ளை வீட்டு ஆள். செல்வி பெண்வீட்டாள், அந்தச் சீர் அவளுடையது. “அப்பா, இத முன்னால வைங்க” என்று அவள் சொன்னால் அவள் அப்பா மறுபேச்சுப் பேசமாட்டார். அன்றைக்கு அந்த இடத்தில் நின்றவள் நான். இந்தத் தடவை அவள் நிற்கப் போகிறாள்.

அவளிடம் நீங்களே சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். இந்த வாரம் மூன்று தடவை அவளுக்குப் போன் பண்ணினேன். “சொல்லுங்க அத்தை” என்பாள். “சாப்ட்டியாம்மா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். மூன்றாவது தடவை அவளே, “அத்தை, காலைல கேட்டிய, மத்தியானம் கேட்டிய, இப்பமும் சாப்பாடுதான் கேக்கிய. வேற என்னமோ சொல்ல வாரிய. சொல்லுங்க அத்தை, நான் கேப்பேன்” என்றாள். எவ்வளவு நல்ல பெண் பார். “ஒண்ணுமில்லம்மா, வெயிலு சாஸ்தியா இருக்கு, தண்ணி நெறைய குடி” என்றேன்.

எனவே இதை நீ படித்து முடித்ததும் அவள் கையில் கொடு. பாத்திரக்கடையில் நடந்ததை மறைக்க வேண்டாம், அவள் சிரிக்கட்டும். அவளுக்கு என்னைவிடத் தைரியம் இருக்கிறது, குரலிலேயே தெரிகிறது. ஆனாலும் பட்டும் பூவும் வைத்து, ஊரே பார்க்க நிற்கவைத்தால் யாருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவள் சொல்லிவிட்டால் நல்லது. சொல்லாவிட்டால், எய்யா, என்னை நம்பி இருந்துவிடாதே. நானும் அந்த மண்டப வாசலில்தான் நின்றுகொண்டிருப்பேன். அவர்கள் பீரோவைத் தூக்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாயைத் திறப்பேன். “மெதுவா, காலப் பாத்து” என்று சொல்வேன், அதற்குமேல் எனக்கு வராது.

அம்மா